சந்தனம் வைத்த டாங்கிள்

சப்போர்ட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம், கொஞ்சம் உற்சாகமாக இருக்கட்டும் என்று கேட்டிருந்தீர்கள். உற்சாகம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பிடித்திருக்க வேண்டும். ஓய்வு பெற்றவர்களுக்கெல்லாம் திரும்பிப் பார்த்தால் இனிக்கும் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். எனக்குக் கசக்கிறது. அதைச் சர்க்கரை போட்டுக் கலக்கித் தர எனக்கு வராது.

டாங்கிளை எப்படிச் செருகுவது, கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை என்றால் என்ன செய்வது என்பதெல்லாம் பிள்ளைகளே, என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது ஒரு டாங்கிள் செத்துப்போன நாளைப் பற்றியும், அதனால் வேலையும் பேரும் போன ஒரு பெண்ணைப் பற்றியும். அவள் பெயர் பரிமளா.

முதலில் எங்கள் கம்பெனி. குரோம்பேட்டையில் ஓர் இனிப்புக் கடையின் மாடி. நாங்கள் விற்றது ஒரு ஸ்ப்ரெட்ஷீட். இரும்புத் தகட்டை வெட்டி, வளைத்து, துளை போட்டுக் கார் பாகம் செய்து தருகிற பட்டறைகள் இந்தப் பக்கம் நிறைய. ஒரு பாகத்துக்கு என்ன விலை கேட்கலாம் என்று அந்த ஷீட் கணக்குப் போட்டுச் சொல்லும். இரும்பின் எடை, மிஷின் ஓடுகிற நேரம், கழிவாகப் போகிற ஓரம், கரண்ட், கூலி எல்லாம் அதில் உண்டு. ஷீட்தானே, பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய் யாரும் யாருக்கும் கொடுத்துவிடலாம். அதற்காகத்தான் பூட்டு. கட்டைவிரல் நீளத்தில் ஒரு யு.எஸ்.பி. டாங்கிள். செருகினால் பச்சை விளக்கு எரியும், ஃபைல் திறக்கும். பிடுங்கினால் மூடிக்கொள்ளும். ஒரு லைசென்ஸுக்கு ஒரு டாங்கிள். தொலைத்தால் லைசென்ஸையே புதிதாக வாங்க வேண்டும். கெட்டுப்போனால் கெட்டதை எங்கள் ஆபீஸில் கொடுத்து, நாங்கள் சோதித்துப் பார்த்த பிறகுதான் மாற்று.

அதனால் முதலாளிகள் அதைத் தங்கள் ஆட்களை நம்பிக் கொடுக்க மாட்டார்கள். பல்லாவரத்தில் ஒருவர் அரைஞாண் கயிற்றிலேயே கட்டி வைத்திருந்தார். யாராவது விலை கேட்டு போன் செய்தால் அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று வேட்டியைத் தளர்த்த வேண்டும். இன்னொருவர் பையனுக்குப் பெண் பார்க்கப் போன ஊருக்கு அதைச் சட்டைப் பையில் போட்டு எடுத்துப் போய்விட்டார். பெண் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். இங்கே ஆபீஸில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

மறைமலை நகரில் தகட்டை அழுத்திப் பாகம் செய்கிற பிரஸ் ஷாப் வைத்திருந்த கஜேந்திரன் பரவாயில்லை ரகம். அவர் அப்பா காலத்தில் அங்கே நெல் விளைந்தது. இவர் நிலத்தில் பாதியை விற்றுவிட்டு மீதியில் ஷெட் போட்டு மிஷின் இறக்கினார். டாங்கிளை ஷெட்டின் சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். காலையில் கற்பூரம் காட்டிவிட்டு அதை எடுத்துப் பரிமளாவிடம் கொடுப்பார், சாயங்காலம் திரும்ப வாங்கி வைப்பார்.

பரிமளா அங்கே விலை போடுகிறவள். ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருவாள். பி.காம். படித்துவிட்டுக் கல்யாணம், குழந்தை என்று வீட்டில் இருந்து, பிறகு வேலை தேடிப் போனால் எங்கேயும் எடுக்கவில்லை. கஜேந்திரன்தான் பில் டைப் செய்யச் சேர்த்துக்கொண்டார். எங்கள் ஷீட் வந்தபோது நான்தான் அவளுக்குக் கற்றுக் கொடுத்தேன். கப்பென்று பிடித்துக்கொண்டாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் கார்களை ஏற்றிக்கொண்டு போகிற டிரெய்லரைப் பார்த்தால், "மேடம், அந்த வண்டிங்கள்ல சீட்டை அடியில தாங்குற பிராக்கெட் நான் விலை போட்டது" என்பாள். அவள் புருஷன் கால் டாக்ஸி ஓட்டுகிறவர். "உங்கம்மா கார்க்காரனுக்கே விலை சொல்றவடா" என்று பிள்ளையிடம் சொல்வாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். அந்த வேலை அவளுக்கு வெறும் சம்பளம் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆயுத பூஜை வந்தது. நான் சர்ச்சுக்குப் போகிற வீட்டில் பிறந்தவள். ஆனாலும் வருஷா வருஷம் பொரியும் சுண்டலும் இந்த ஷெட்களிலிருந்துதான் எனக்கு வரும். எந்தக் கருவிக்கு எங்கே பொட்டு வைப்பார்கள் என்பது எனக்கு அத்துப்படி. கத்திக்கு முனை, ஸ்பேனருக்கு வாய், சுத்தியலுக்குத் தலை. எந்த இடம் வேலை செய்கிறதோ அந்த இடத்தில் வைக்க வேண்டும். கஜேந்திரன் பக்தியில் குறை வைக்காதவர். டாங்கிளில் வேலை செய்கிற இடம் எது? கம்ப்யூட்டருக்குள் போகிற வாய்தானே? மூடியைக் கழற்றி, சந்தனத்தைத் தண்ணீர் விட்டுக் குழைத்து, அந்த வாயில் தாராளமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்துவிட்டார்.

அதற்கு முந்தின சாயங்காலம்தான் ஒரு பிராக்கெட்டின் திருத்திய வரைபடம் வந்திருந்தது. புது விலையை வாங்குகிற கம்பெனியின் இணையப் போர்ட்டலில் ஏற்ற வேண்டும். அந்தக் கம்பெனியின் தலைமையகம் கடல் தாண்டி எங்கேயோ இருக்கிறது. அவர்களுக்கு ஆயுத பூஜையும் தெரியாது, விஜயதசமியும் தெரியாது. விஜயதசமி அன்று மத்தியானம் மூன்று மணிக்குப் போர்ட்டல் மூடிவிடும். அந்த ஆர்டர் போனால் ஷெட்டில் பாதி மிஷினுக்கு வேலை இல்லை. பரிமளா பூஜை அன்றே டாங்கிளைக் கேட்டிருக்கிறாள். "சாமி முன்னாடி வெச்சதை எடுக்கக் கூடாதும்மா. நாளைக்கு நல்ல நேரத்துல எடுத்துத் தர்றேன், ஜம்முனு போடு" என்று கஜேந்திரன் சொல்லிவிட்டார்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்து எடுத்துக் கொடுத்தார். பரிமளா புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுச் செருகினாள். வெளியே துடைக்கலாம், வாய்க்குள் இறங்கிய ஈரச் சந்தனத்தை என்ன செய்வது? பச்சை விளக்கு ஒருமுறை மினுங்கிவிட்டு அணைந்தது. லேசாகப் பொசுங்குகிற வாசனை வந்ததாம்.

எனக்கு போன் வந்தது. எனக்கு முன்னால் சப்போர்ட் வேலையைப் பார்த்தவர் கருவிப் பையை ஒப்படைக்கும்போது ஒரே ஒரு விஷயம்தான் சொல்லிவிட்டுப் போனார். போனில் கத்துகிறவனுக்கு ஒன்றும் ஆகாது, கத்தாமல் பேசுகிறவருக்குத்தான் வேலை போகும், அவரைக் கவனி என்றார். அவரிடம் நான் கற்றது அது ஒன்றுதான், அதுவே போதும். அன்று போனில் பின்னால் கஜேந்திரன் கத்துவது கேட்டது. பரிமளா, "மேடம், லைட் எரியலை" என்று மட்டும் சொன்னாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

விடுமுறை நாள் என்பதால் தாம்பரத்தில் ரயிலுக்குக் காத்திருந்து காத்திருந்து பொறுமை போய்விட்டது. மறைமலை நகரில் இறங்கினால் ரோடு முழுக்க உடைத்த பூசணிக்காய். ஷேர் ஆட்டோக்காரர் வழுக்காமல் ஓட்டுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஷெட்டில் மிஷின்களெல்லாம் மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளைபோல் நின்றன. கேபினில் பரிமளா டாங்கிளை ஒரு காகிதத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், பிரஷால் சுரண்டினேன், காற்றடித்துக் காயவைத்தேன், வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தேன். செத்தது செத்ததுதான்.

"இன்னா மேடம், இத்தினி வருசமா வெக்கிறேன், ஒண்ணும் ஆவலியே?" என்றார் கஜேந்திரன்.

"இத்தனை வருஷமா மூடி இருந்துச்சு சார். மூடி மேல வெச்சீங்க."

"மூடிக்கு வெச்சா டாங்கிளுக்கு வெச்ச மாதிரி ஆவுமா?"

எங்கள் எம்.டி.க்கு போன் போட்டேன். எங்கள் ஆபீஸிலிருந்து ஒரு தற்காலிக அனுமதி கொடுத்தால் டாங்கிள் இல்லாமலே ஒரு நாளைக்கு ஃபைல் திறக்கும். அதைக் கொடுக்கிற அதிகாரம் அவருக்கு மட்டும்தான்.

"டெட் கீ ஆபீஸுக்கு வரட்டும் மேடம். டெஸ்ட் பண்ணிட்டு நாளைக்கு இஷ்யூ பண்றேன்" என்றார்.

"கீ என் கையில இருக்கு சார். நானே பார்த்துட்டேன். செத்துடுச்சு."

"நீங்க பார்த்தா ஆச்சா? லேப் ரிப்போர்ட் வேணும். ப்ராசஸ்னு ஒண்ணு இருக்குல்ல?"

லேப் என்று அவர் சொன்னது எங்கள் ஆபீஸில் பாத்ரூமுக்குப் பக்கத்தில் இருந்த மேஜை. அந்த மேஜையில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதுகிறவள் நான்தான். அதை அவரிடமே சொன்னேன்.

"எல்லாரும் இப்படித்தான் செத்துப்போச்சும்பாங்க. அப்புறம் பழசையும் புதுசையும் வெச்சு ரெண்டு இடத்துல ஓட்டுவாங்க. உங்களுக்கு இளகின மனசு. அதான் பிராப்ளம்."

"மூணு மணிக்குப் போர்ட்டல் மூடுது சார். அந்தப் பொண்ணு..."

"அது அவங்க பிராப்ளம்" என்று வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் ஒருநாள் இது வரும். அந்த ஷீட்டின் வடிவமும் பூட்டும் எங்களுடையவை. சரி. ஆனால் உள்ளே இருந்த ரேட்டுகள் யாருடையவை? எந்த மிஷின் எவ்வளவு நேரம் எடுக்கும், எந்தத் தகட்டில் எவ்வளவு வீணாகும் என்று பரிமளா வருஷக்கணக்காக உட்கார்ந்து போட்டவை. எங்கள் சாவி செத்தால் அவளுடைய வேலையே அவளுக்குக் கதவைச் சாத்திக்கொள்கிறது. திருடனைத் தடுக்க வைத்த பூட்டு வீட்டுக்காரரை வெளியே நிறுத்துகிறது. அதைப் பார்த்துக்கொண்டு "நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு ரயிலேற எனக்கு மனசு வரவில்லை. இப்போதும் அதைத் தப்பு என்று நான் நினைக்கவில்லை.

பழைய விலைகளின் பிரிண்ட் அவுட்டுகள் அலமாரியில் இருந்தன. கணக்கின் வழி எனக்குத் தெரியும், எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் பூட்டு இல்லாத வெறும் ஷீட் ஒன்றைத் திறந்து அந்தக் கணக்கை அதில் அடிக்கச் சொன்னேன்.

பரிமளா திறக்கவில்லை. "மேடம், இது உங்க கம்பெனிக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ டைப் பண்ணு."

"நெஜமாவா மேடம்?"

"நான்தான்னு சொல்லுவேன். போதுமா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீபோர்டை இழுத்துக்கொண்டாள். நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். கஜேந்திரன் பொரித் தட்டை ஏந்திக்கொண்டு பின்னாலேயே நின்றார். எங்களுக்குச் சாப்பிடக் கொடுக்கவும் தோன்றாமல் தானே கொறித்துக்கொண்டிருந்தார். பழைய பிராக்கெட் ஒன்றின் விலையைப் புது ஷீட்டில் போட்டுப் பார்த்தோம். பிரிண்ட் அவுட்டில் இருந்த அதே விலை வந்தது. பரிமளா கைதட்டினாள். புது விலையைப் போட்டு, மூன்று மணிக்கு முன்னால் ஏற்றிவிட்டோம். கஜேந்திரன் அந்தக் கம்ப்யூட்டருக்கே சூடம் காட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

ஆர்டர் வந்தது. மாற்று டாங்கிளும் வந்தது. சந்தனம் வாரன்டியில் வராது என்று எம்.டி. புதிதாகவே பில் போட்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

கெடுத்தது கஜேந்திரனின் பெருமை. லைசென்ஸைப் புதுப்பிக்கச் சொல்லி எங்கள் சேல்ஸ் மேனேஜர் அங்கே போனார். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் நடந்திருக்கிறது. கஜேந்திரனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஒங்க சாவி இல்லாட்டி எங்க வண்டி ஓடாதுன்னு நெனப்பா? அன்னிக்கு எங்க பரிமளா வெறும் ஷீட்லயே போட்டு ஆர்டரே வாங்கிச்சு, தெரியுமா?" என்றிருக்கிறார்.

"அப்படியா சார்? காட்டுங்க, பார்ப்போம்" என்றாராம் எங்கள் ஆள், தேன் ஒழுக.

காட்டினார்கள். எங்கள் ஆள் போனில் படமெடுத்துக்கொண்டார். அடுத்தது எங்கள் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ். பூட்டை உடைத்தீர்கள், கணக்கைத் திருடினீர்கள், கோர்ட்டில் சந்திப்போம் என்று. விஷயம் காதில் விழுந்ததும் நான் நேராக எம்.டி. அறைக்குப் போனேன்.

"அந்த ஷீட்டைப் போட்டது நான் சார். பூட்டை யாரும் உடைக்கலை. நான் சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணு டைப் பண்ணுச்சு."

"தெரியும், உட்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நீங்க போன் பண்ணீங்க, நான் மாட்டேன்னேன், அப்படியும் அவங்க கொட்டேஷன் போய்ச் சேர்ந்துடுச்சு. இது புரியாதா எனக்கு? ஆனா யோசிச்சுப் பாருங்க. நம்ம ஆளே சாவி இல்லாம போட்டுக் குடுத்துட்டாங்கன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு எவன் மேடம் நம்ம சாவிக்குக் காசு குடுப்பான்? ஸோ, அது அவங்க சைடுல ஒருத்தர் பண்ணதாத்தான் இருக்கணும்."

"அப்படி இல்லையே சார்."

"இருக்கட்டும். கஜேந்திரன்கிட்ட பேசிட்டேன். எம்ப்ளாயி ஒருத்தங்க தன்னிஷ்டத்துக்குப் பண்ணிட்டாங்க, ஆக்‌ஷன் எடுத்துட்டோம்னு ஒரு லெட்டர் குடுக்கிறார். நாம கேஸை விடறோம். அவர் லைசென்ஸை ரின்யூ பண்றார். எல்லாருக்கும் நல்லது."

எல்லோருக்கும் நல்லதாம்! அன்றே மறைமலை நகருக்கு ஓடினேன். கேபினில் பரிமளாவின் நாற்காலி காலியாக இருந்தது. கஜேந்திரன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது பண்ணலைன்னு எனக்குத் தெரியாதா மேடம்? நானுந்தானே பக்கத்துல நின்னுகினு இருந்தேன். வக்கீல், கோர்ட்டுன்னு அலைஞ்சா இந்த ஷெட்டை யாரு பாக்கிறது? பெரிய பேஜாரா பூடும். நீங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, எப்படியும் பொழைச்சுக்குவீங்க."

"அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"கொஞ்ச நாள் வூட்ல இரும்மா, கூப்புடுறேன்னு சொல்லிக்கீறேன்."

கூப்பிடுவார் என்று அவள் வீட்டில் காத்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டு நீக்கியதாக அவர் எழுதிக் கொடுத்தது அவளுக்குத் தெரியாது. ஊரப்பாக்கம் போய் அதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. என் சர்வீஸில் நான் செய்த வேலைகளிலேயே கொடுமையானது அதுதான். அவள் அழவில்லை. "திருடினேன்னா எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "என் பேர் போட்டா?" என்றாள். அதற்கும் ஆட்டினேன்.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு, ராஜினாமாவையும் சேர்த்து எம்.டி. மேஜையில் வைத்தேன். அதிலாவது உண்மை வெளியே வரும் என்று பார்த்தேன். அவர் கெட்டிக்காரர். ராஜினாமாவை மட்டும் எடுத்துக்கொண்டார். வயது ஏறக்குறைய வந்துவிட்டதால் அதை ஓய்வு என்று அறிவித்துவிட்டார். ஆபீஸில் எல்லோரையும் கூட்டி, சால்வை போர்த்தி, கீழ்க் கடையிலிருந்து மைசூர்பாகு வரவழைத்து, என் நேர்மையைப் பற்றியும் பேசினார். நான் சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டு வந்தேன். அதையும் பணிவு என்று சொல்லிக்கொண்டார்களாம்.

இதில் உங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். "நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று அன்றைக்கு அவளிடம் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். சொன்னபடி பதிலும் சொன்னேன். ஆனால் பொறுப்பை ஏற்றுக்கொள்ளக்கூட மேலே இருக்கிறவர்கள் அனுமதி கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் அந்த ஆபீஸில் குப்பை கொட்டியும் தெரியவில்லை. உண்மை தெரியாமல் அவளைத் தண்டித்திருந்தால்கூட ஒருநாள் தெரியவரும் என்று ஆறுதல் இருந்திருக்கும். இங்கே எல்லோருக்கும் முதலிலிருந்தே தெரியும். தெரிந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் முடித்தார்கள். ஆகவே வாடிக்கையாளர் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு யாருக்காவது தைரியம் சொல்லும்முன், உங்கள் தலையை வெட்டினால் உங்கள் கம்பெனிக்கு லாபமா நஷ்டமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நஷ்டம் என்றால் வெட்டு வேறு யார் மேலாவது விழும். பெரும்பாலும் உங்கள் எதிரே கீபோர்டில் கை வைத்திருப்பவர் மேல் விழும்.

அப்படியானால் உதவவே கூடாதா என்று கேட்டால், உதவுங்கள் என்றுதான் சொல்வேன். டைப் செய்வதையும் நீங்களே செய்யுங்கள். போர்ட்டலில் ஏற்றுவதை மட்டும் அவர்களிடம் விடுங்கள். உங்கள் கம்பெனிக்கு அங்கிருந்தே ஒரு மெயில் போடுங்கள், என்ன செய்கிறேன், ஏன் செய்கிறேன் என்று, வாடிக்கையாளரையும் அதில் சேர்த்து. பிறகு எவனும் கதையை மாற்ற முடியாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தொழில்நுட்பம்.

பரிமளா வேலை தேடினாள். விலை போடத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பக்கம் பஞ்சம். ஆனால் முதலாளிகளுக்குள் வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. பூட்டை உடைத்தவள் என்று அவள் பேர் அதில் சுற்றிவிட்டது. கூடுவாஞ்சேரியில் ஒரு கம்பெனி கூப்பிட்டபோது நானும் கூடப் போனேன். அவள் எதையும் உடைக்கவில்லை, நான்தான் கணக்கைச் சொன்னேன் என்று நடந்ததை முழுக்கச் சொன்னேன். அங்கே இருந்த ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு நல்ல ஃப்ரெண்ட் கிடைக்க இவங்க குடுத்து வெச்சிருக்கணும் மேடம்" என்றான். திரும்பி வரும்போது ரயிலில் பரிமளா என்னிடம், "இனிமே நீங்க வராதீங்கக்கா. நீங்க சொன்னா இன்னும் சந்தேகப்படுறாங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் நெஞ்சு எரிந்தது. மேடம் என்றவள் எப்போது அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்று நினைத்துப் பார்த்தேன். வேலை போன பிறகுதான்.

பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியில், யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எழுதுகிற வேலை கிடைத்தது. விலை போடத் தெரிந்த பெண் பையன்களின் பைக் நம்பரை எழுதிக்கொண்டிருந்தாள். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு மேலேயே விடுதி. டிரெய்லர்கள் போய்க்கொண்டிருக்கும். அவள் அவற்றைப் பற்றி என்னிடம் பேசுவதை விட்டுவிட்டாள்.

போன வாரம் போன் செய்தாள். குரலில் பழைய வேகம்.

"அக்கா, வேலை கெடைக்கிற மாதிரி இருக்கு. விலை போடுற வேலை. அவங்களே கூப்பிட்டாங்க."

"எங்க?"

"மறைமலை நகர்லயேதான். நல்ல சம்பளம். முதலாளி நேராப் பேசினார்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒருத்தனாவது நம்பினானே என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன்.



"நம்பித்தான் கூப்பிட்டிருக்காருக்கா" என்றாள். "வேற ஒரு கம்பெனியோட ஷீட்டு அவர்கிட்ட இருக்காம். டாங்கிள் இல்ல. ஃபைல் மட்டும் யார்கிட்டேயோ வாங்கி வெச்சிருக்கார். அதைத் திறந்து குடுத்துட்டு நாளைலேர்ந்து சேர்ந்துக்கோங்கறார்."

"உனக்குத் தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். சிரிக்கிறார். 'எங்ககிட்ட இன்னாம்மா கூச்சம், ஒன்னப் பத்தித் தெரிஞ்சுதானே கூப்ட்டோம்'ங்கறார். தெரியாது சார், சத்தியமாத் தெரியாதுன்னேன். சம்பளத்தை ஏத்துறார்க்கா. நான் தெரியாதுங்கிறேன், அவர் ஏத்திக்கிட்டே போறார்."

அவள் தொடர்ந்தாள். குரல் இறங்கிவிட்டது.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமா, திறக்க?"

கேட்கிறவள் யார் என்று பாருங்கள். முதலாளி இல்லாதபோது டாங்கிளைத் தொடக்கூட மாட்டாள். வெறும் ஷீட்டைத் திறக்கவே என்னிடம் இரண்டு தடவை உறுதி கேட்டவள்.

"தெரியாதும்மா" என்றேன். உண்மையாகவே தெரியாது. நாங்கள் வைத்த பூட்டுகள் நல்ல பூட்டுகள்.

"சரிக்கா" என்றாள். மறுபேச்சில்லாமல் நம்பிவிட்டாள்.